ஒரே பொருள், ஆளுக்கொரு விலை

2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் இரண்டு நிறுவனங்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கும் பயணத்துக்கு ஐபோனில் ஒரு கட்டணமும் ஆண்ட்ராய்டு போனில் வேறொரு கட்டணமும் காட்டுகிறார்கள் என்ற புகார் அதற்குள் சமூக ஊடகங்களில் பரவியிருந்தது. நோட்டீஸ் அனுப்பியதை நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் பிரலாத் ஜோஷியே அறிவித்தார். எந்த கம்பெனி போன் என்று பார்த்துக் கட்டணம் வைப்பதில்லை என இரண்டு நிறுவனங்களும் மறுத்தன.

புகார் எப்படிக் கிளம்பியது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். யாரோ சிலர் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு திரைகளிலும் தொகை வேறாக இருந்ததைப் படம் பிடித்துப் போட்டார்கள். அவ்வளவுதான். அப்படி யாரும் வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அவரவர் திரையில் வந்த தொகையை அவரவர் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். உழவர் சந்தையில் தக்காளி விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். கூட்டி வாங்கினால் அடுத்து நிற்பவர் கேட்பார். போன் திரையில் தெரியும் விலைக்கும் சலுகைக்கும் அப்படிப்பட்ட அடுத்த ஆள் கிடையாது. பார்ப்பவர் ஒருவர்தான். அவருக்குக் காட்டியது மற்றவருக்கும் காட்டப்பட்டதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை.

இணைய விளம்பரத் துறை இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் திறமையே இதுதான். ஆளைப் பார்த்து, அவர் அந்த நிமிடம் செய்வதைப் பார்த்து, அந்த நிமிடத்திலேயே அவருக்கென்று விளம்பரத்தையும் பொருள் வரிசையையும் தள்ளுபடியையும் மாற்றிக் காட்டுவது. இதனால் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. சின்னதாகத் தொழில் தொடங்கியவருக்குத் தன் ஊரைச் சுற்றியுள்ள வாடிக்கையாளர்களிடம் மட்டும் குறைந்த செலவில் போய்ச் சேர முடிகிறது. வாங்குபவருக்கும் தேடும் நேரம் மிச்சமாகிறது. ஆனால் அந்த வசதிக்கு என்ன விலை கொடுக்கிறோம், அதைக் கொடுக்க மறுக்க என்ன உரிமை இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நொடிக்குள் நடக்கும் ஏலம்

மதுரையில் ஒருவர் காலையில் போனில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்தி வந்துவிடுகிறது, அதன் நடுவே ஒரு கட்டம் மட்டும் கணநேரம் காலியாக இருக்கிறது. அந்தக் காலிக் கட்டம் அப்போது ஏலத்தில் இருக்கிறது. அவர் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார், போன் என்ன மாடல், எந்த நெட்வொர்க், ஐ.பி. முகவரி என்ன, ஏறக்குறைய எந்த இடத்தில் இருக்கிறார், போன் எந்த மொழியில் இருக்கிறது, அந்தப் போனுக்கென்று உள்ள விளம்பர அடையாள எண் என்ன ஆகிய விவரங்கள் ஒரு கோரிக்கையாகக் கட்டப்பட்டு விளம்பரச் சந்தைக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் பல நிறுவனங்களின் கணினிகள் அந்த எண்ணைத் தங்களிடம் ஏற்கெனவே உள்ள விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்த ஆளுக்கு விளம்பரம் காட்ட இவ்வளவு தருகிறேன் என்று கேட்கின்றன. அதிகம் கேட்டவருடைய விளம்பரம் கட்டத்தில் வந்து உட்காருகிறது. மொத்தமும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஏலத்தில் ஜெயிப்பது ஒருவர்தான். விவரம் போய்ச் சேர்வது ஏலத்துக்கு வந்த அத்தனை பேருக்கும். இந்த ஓட்டையைத்தான் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 டிசம்பரில் மொபைல்வாலா என்ற தரவு வணிக நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கையில் தொட்டது. விளம்பரம் போட இடம் வாங்காமலேயே, ஏலத்தில் தோற்ற நிலையிலும், வந்த இருப்பிட விவரங்களையும் அடையாள எண்களையும் அந்த நிறுவனம் சேர்த்து வைத்துக்கொண்டது என்பது குற்றச்சாட்டு. அப்படிச் சேர்த்ததைக் கொண்டு கர்ப்பிணிகள், தேவாலயம் செல்பவர்கள் என்றெல்லாம் மனிதர்களைப் பிரித்துப் பட்டியல் போட்டிருந்தது. ஏலச் சந்தையிலிருந்து தரவை அள்ளியதற்காக அந்த ஆணையம் ஒரு நிறுவனத்தின் மீது குற்றம் சுமத்தியது அதுவே முதல் முறை.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டில் வாஷிங் மெஷின் பற்றிப் பேசினோம், பத்து நிமிடத்தில் அதே விளம்பரம் வந்துவிட்டது, போன் ஒட்டுக்கேட்கிறது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை எடுத்துச் சோதித்தார்கள். தானாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி எதுவும் சிக்கவில்லை. சில செயலிகள் பயனரின் திரையைப் படமெடுத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததுதான் சிக்கியது. மைக் தேவைப்படுவதே இல்லை என்பதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய செய்தி. ஒரே வைஃபையில் இருக்கும் கணவர் தேடியது, போன வாரம் நின்று பார்த்த கடை, பாதியில் விட்டுவந்த கார்ட், இவையே போதும்.

விலை யாருக்குக் கூடுகிறது?

2012-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இரண்டு விஷயங்களை வெளிக்கொண்டு வந்தது. முதலாவது ஆர்பிட்ஸ் என்ற பயணத் தளம். ஆப்பிள் மேக் கணினி வைத்திருப்பவர்கள் ஹோட்டல் அறைக்கு அதிகம் செலவழிப்பதைக் கண்டுகொண்ட அந்தத் தளம், அவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டியது. ஒரே அறையை இரண்டு விலைக்கு விற்கவில்லை. வரிசையைத்தான் மாற்றியது. முதல் பக்கத்தைத் தாண்டிப் பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு?

இரண்டாவது இன்னும் நெருடலானது. ஸ்டேபிள்ஸ் என்ற அலுவலகப் பொருள் விற்பனைத் தளத்தில் ஒரே ஸ்டேப்ளர் ஒருவருக்கு 15.79 டாலர், சில மைல் தள்ளி இருந்த இன்னொருவருக்கு 14.29 டாலர். பக்கத்தில் போட்டிக் கடை இருக்கும் பகுதிக்காரர்களுக்கு விலை குறைவாகவும், வேறு கடை இல்லாத பகுதிக்காரர்களுக்கு விலை அதிகமாகவும் காட்டப்படும் போக்கு தெரிந்தது. வேறு கடை இல்லாதவர்கள் பெரும்பாலும் யார்? தள்ளுபடி கிடைத்த பகுதிகளின் சராசரி வருமானம் கூடுதலாக இருந்தது. வசதி குறைந்தவர் கூடுதல் விலை கொடுக்கும் ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. லாபம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் தேடும் கணக்கு தானாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று பார்த்தது ஊரை. இன்று பார்ப்பது ஆளை. 2025 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வெளியிட்ட முதற்கட்ட ஆய்வு முடிவுகளில், பக்கத்தில் மவுஸ் எப்படி நகர்கிறது என்பதும், கார்ட்டில் போட்டு வாங்காமல் விட்ட பொருள் எது என்பதும்கூட விலையையும் சலுகையையும் ஆளுக்கேற்ப அமைக்கப் பயன்படுத்தக்கூடும் என்று சொல்லியிருந்தது. அதில் வந்த உதாரணம்: ஒருவர் புதிதாகப் பெற்றோரானவர் என்று கணித்துவிட்டால், குழந்தைக்கான தெர்மாமீட்டர் தேடும்போது விலை கூடியவற்றையே முதல் பக்கத்தில் காட்டலாம். காய்ச்சலில் குழந்தை அழும்போது எந்தத் தாய் நாலு தளம் பார்த்து விலை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்? ஆளின் அவசரமே அவர் விலையாகும் இடம் இதுதான்.

நியூயார்க் மாநிலம் 2025-இல் இதற்கென்று ஒரு சட்டம் கொண்டு வந்தது. தனிநபர் விவரங்களைக் கொண்டு கணினிக் கணக்கு விலையைத் தீர்மானித்தால், அதை அந்த விலைக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. விலையை மாற்றாதே என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, மறைக்காதே என்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு கட்டாயம் இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

காயத்தைத் தொடும் விளம்பரம்

பண இழப்பைவிடப் பெரிய இழப்புகள் உண்டு. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் பணியாற்றிய கில்லியன் பிராக்கெல் 2018 டிசம்பரில் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். அவருக்குக் குழந்தை இறந்து பிறந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிப் போனைத் திறந்தால் குழந்தைப் பொருள்களின் விளம்பரங்கள் வரிசையாக நின்றன. இந்த விளம்பரம் வேண்டாம் என்று அழுத்தினார். ஏன் வேண்டாம் என்று கேட்டதற்கு, எனக்குப் பொருத்தமில்லை என்று பதில் கொடுத்தார். கணினி அதற்கு என்ன பொருள் எடுத்துக்கொண்டது தெரியுமா? குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்று. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான பொருள்கள் வரத் தொடங்கின. கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது, என் துக்கத்தைக் கண்டுபிடிக்க இல்லையா என்பதே அவர் கேள்வியின் சாரம்.

டான்யா ஓ'கேரல் என்ற பிரிட்டிஷ் செயற்பாட்டாளர் 2017-இல் கர்ப்பமாக இருந்தார். நெருங்கியவர்களிடம்கூடச் சொல்வதற்கு முன்பே அவருடைய ஃபேஸ்புக்கில் குழந்தை, தாய்மை சார்ந்த விளம்பரங்கள் வந்துவிட்டன. 2022-இல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். பிரிட்டிஷ் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நேரடி விளம்பரத்துக்காகத் தன் விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒருவர் மறுப்புச் சொல்லிவிட்டால் நிறுவனம் நிறுத்தியே ஆக வேண்டும். ஆளைக் குறிவைக்கும் இணைய விளம்பரமும் நேரடி விளம்பரம்தான் என்று அங்குள்ள தகவல் ஆணையரின் அலுவலகம் அவர் பக்கம் நின்றது. 2025 மார்ச்சில், விசாரணை தொடங்கும் முன்பே சமரசம் ஏற்பட்டது. அவர் வாதத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொன்ன மெட்டா, அவருடைய விவரங்களை வைத்து அவருக்கு விளம்பரம் காட்டுவதை நிறுத்த ஒத்துக்கொண்டது. ஒரு சட்டத்தில் இருந்த ஒரே ஒரு உரிமையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இதைச் செய்தார்.

மோசடி விளம்பரங்களும் இதே சாலையில்தான் வருகின்றன. பிரபலங்களின் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கி, பங்குச் சந்தையில் பணம் கொட்டும் என்று ஆசை காட்டும் வீடியோக்களைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. மெட்டாவின் உள் ஆவணங்களை ஆதாரமாக வைத்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2025 நவம்பரில் வெளியிட்ட புலனாய்வில் ஒரு செய்தி பகீரென்றது. ஒரு மோசடி விளம்பரத்தைத் தொட்டவருக்கு, அவர் ஆர்வத்தைப் பார்த்து விளம்பரம் காட்டும் அதே அமைப்பு, மேலும் மேலும் மோசடி விளம்பரங்களையே கொண்டு வந்து காட்டும். 2024-ஆம் ஆண்டு வருவாயில் சுமார் 10 சதவீதம் மோசடி மற்றும் தடை செய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்து வரும் என்று அந்த ஆவணங்களில் கணக்கிடப்பட்டிருந்தது. அது தோராயமான, மிகைப்பட்ட மதிப்பீடு என்று மெட்டா விளக்கம் கொடுத்தது. ஏமாந்த பெரியவர் ஒருவரைக் குடும்பத்தார் திட்டுவதற்கு முன், ஒருமுறை தொட்டதற்காக அவர் திரை முழுக்க அதே வலை விரிக்கப்பட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன தருகிறது?

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் கடைப்பிடிக்க வேண்டிய முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. விதிகளின்படி 2027 மே மாதம் அவை முழுமையாக நடைமுறைக்கு வரும்.

அந்தச் சட்டத்தில் கையில் எடுக்கத்தக்கவை பல. சம்மதம் என்பது தெளிவாக, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, நிபந்தனை இல்லாமல் கேட்டுப் பெற வேண்டியது. தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை தரும் ஒரு செயலி, ஆலோசனைக்கும் போனிலுள்ள தொடர்பு எண்களை எடுப்பதற்கும் சேர்த்து சம்மதம் வாங்கினால் என்ன ஆகும் என்று சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது. ஆலோசனைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. எனவே பயனர் இரண்டுக்கும் தலையாட்டியிருந்தாலும் சம்மதம் ஆலோசனைக்கு மட்டும்தான் செல்லும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள், யார் யாரிடம் கொடுத்தார்கள் என்று பெயரோடு கேட்கலாம். தவறைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளிலோ படிக்கும் வசதி தர வேண்டும். தமிழும் அதில் உண்டு. புரியாத ஆங்கிலத்தில் நாலு பக்கம் காட்டி ‘ஐ அக்ரீ’ அழுத்த வைக்கும் பழக்கத்தைத் தட்டிக் கேட்க இது போதுமான ஆயுதம்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. 18 வயது நிறையாதவர்களின் நடவடிக்கையைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2017-இல் தி ஆஸ்திரேலியன் நாளிதழ் ஃபேஸ்புக்கின் உள் ஆவணம் ஒன்றை வெளியிட்டது. பதின்வயதினர் எப்போது தன்னம்பிக்கை இழந்து, தாம் எதற்கும் லாயக்கில்லை என்று உணர்கிறார்கள் என்பதைக் கண்டறிய முடியும் என்று விளம்பரதாரர்களுக்காகத் தயாரித்த அந்த ஆவணத்தில் இருந்தது. மனநிலையை வைத்துக் குறிபார்க்கும் வசதியை யாருக்கும் தருவதில்லை என்று ஃபேஸ்புக் அப்போது சொன்னது. ஆனாலும் நம் வீடுகளில் பிள்ளைகள் அப்பா அம்மாவின் போனில், அவர்கள் கணக்கில், கேம் விளையாடுகிறார்கள். அந்தப் போனைப் பொறுத்தவரை விளையாடுவது நாற்பது வயதுக்காரர். பிள்ளைக்குத் தனிக் கணக்கு, சரியான பிறந்த தேதியோடு, வைத்துக் கொடுத்தால்தான் சட்டத்தின் பாதுகாப்பு அவனைப் போய்ச் சேரும்.

இந்தச் சட்டத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஓ'கேரல் பயன்படுத்திய, விளம்பரத்துக்கு மறுப்புச் சொல்லும் தனி உரிமை இதில் இல்லை. அபராதத் தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்விடும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்க ஒரு வழி உண்டு. முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அந்தப் பிரிவையும் இந்தச் சட்டம் நீக்கிவிடும். ஒருவர் தானாகவே எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்ட விவரங்களுக்கு இந்தச் சட்டத்தின் காப்பு கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குழந்தையின் பிறந்த நாள் படத்தைப் பள்ளிப் பெயரோடு பொதுவில் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

அதனால் இன்றைக்கே கைகொடுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும்தான். அந்த விதிகளில் நாலாவது விதியைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே வகையைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டக் கூடாது. நியாயமற்ற விலை வைத்து அளவுக்கு மீறி லாபம் பார்க்கும்படி விலையைத் திரிக்கக் கூடாது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டங்களைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அது நேரடியாகச் சொல்கிறது.

2023 நவம்பர் 30 அன்று வந்த ‘டார்க் பேட்டர்ன்’ தடுப்பு வழிகாட்டுதல்கள் 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தன. இரண்டு அறைகள்தான் மிச்சம் என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கார்ட்டில் நுழைப்பது, கடைசிக் கட்டத்தில் கட்டணத்தைக் கூட்டுவது, விலக முடியாதபடி சந்தாவில் மாட்டிவைப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். விமான டிக்கெட்டோடு காப்பீடு வேண்டாம் என்றால் ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்று அழுத்த வைக்கும் கூச்சப்படுத்தலும் தடை செய்யப்பட்டதுதான். 2025 ஜூனில் எல்லா மின்வணிகத் தளங்களும் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்து இவற்றைக் களைய வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. களைந்துவிட்டார்களா என்பதை அவரவர் திரையில் பார்த்தே சொல்லிவிடலாம்.

செய்யக்கூடியவை

முதலில் போன். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், பிரைவசி, ஆட்ஸ் என்று போனால் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதி இருக்கிறது. சில போன்களில் அது கூகுள் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். மேலே சொன்ன ஏலத்தில் ஆளைப் பொருத்திப் பார்க்க உதவும் எண் அதுவே. ஐபோனில் பிரைவசி பகுதியில் டிராக்கிங் என்பதை அணைத்துவிட்டால், மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர எந்தச் செயலியும் அனுமதிகூடக் கேட்க முடியாது. லொக்கேஷன் அனுமதி, செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று இருக்கட்டும். வானிலை சொல்லும் செயலிக்கு வீட்டு வாசல்வரை தெரிய வேண்டியதில்லை, துல்லிய இருப்பிடத்தை அணைத்துவிடலாம். கூகுளின் மை ஆட் சென்டரிலும் மெட்டாவின் விளம்பர விருப்பங்களிலும் மது, சூதாட்டம், குழந்தை வளர்ப்பு போன்ற தலைப்புகளின் விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லலாம். பிராக்கெலுக்கு நேர்ந்தது போன்ற துயரத்தில் இருக்கும் தோழியின் போனில் யாராவது உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்தால் அது பெரிய உதவி.

இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்பது தவறான நம்பிக்கை. அந்த நிலையிலும் விவரம் சேகரித்ததாக அமெரிக்காவில் 2020-இல் தொடரப்பட்ட வழக்கில், 2024-இல் கூகுள் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. அதே கணினியில் குடும்பத்தார் பார்க்காமல் மறைக்க உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது ஆதாரம். விலையில் சந்தேகம் வந்தால் இன்னொருவர் போனில், அவர் கணக்கில், அதே நிமிடம் தேடிப் பார்க்க வேண்டும். தேதி, நேரம், பொருளின் பெயர், டெலிவரி முகவரி தெரியும்படி இரண்டிலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். கூப்பன், உறுப்பினர் சலுகை, நெரிசல் நேரம் என்று நியாயமான காரணங்களும் இருக்கலாம் என்பதால் அவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிடுவது கட்டாயம். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

‘இன்ன தேதியில், இன்ன நேரத்தில் உங்கள் செயலியில் இந்தப் பொருளுக்கு எனக்குக் காட்டிய விலை இவ்வளவு. அதே நேரத்தில் இன்னொரு கணக்கில் காட்டிய விலை இவ்வளவு. இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? என்னைப் பற்றிய எந்த விவரம் இதற்குப் பயன்பட்டது? 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின் 4-ஆவது விதியின்படி எனக்கு விளக்கம் வேண்டும்.’

48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததற்கு ஒப்புதல் வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அங்கே பேசுவது வழக்கு அல்ல. நிறுவனத்தோடு பேசித் தீர்த்துவைக்கும் முயற்சி. பலரிடமிருந்து ஒரே மாதிரிப் புகார்கள் குவியும்போதுதான் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கண்ணில் படும் என்பதால், சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாமல் பதிந்து வைப்பதில் பொருள் இருக்கிறது.

வேண்டாத விளம்பர எஸ்.எம்.எஸ்.களுக்கும் அழைப்புகளுக்கும் 1909. அந்த எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு 0 சேர்த்து அனுப்பினால் எல்லா வகை விளம்பரங்களையும் தடுக்கப் பதிவாகும். அதற்குப் பிறகும் வந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம். 2025-ஆம் ஆண்டு திருத்தத்துக்கு முன் இது மூன்று நாளாக இருந்தது. மோசடி விளம்பரத்தில் பணம் போய்விட்டால் 1915-க்கோ 1909-க்கோ அழைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது. உடனே 1930. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்த முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

1915-இல் தீராத விலைப் புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டு போகலாம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ருதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. அதுவரை அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை அழித்துவிடாமல், போனில் மட்டும் வைக்காமல், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டு வைக்க வேண்டும்.